முதிர்ந்தோரும் பிரெஞ்சு மொழிப் பரீட்சையும்

மொழியொன்றை அறிதல் வேறு. அவ்வறிவைப் பரீட்சகர் முன்னிலையில் நிறுவிக் காட்டல் வேறு. முன்னதில் வல்லவரா யிருந்தும் பின்னதிற் றவறுவோர் உளர். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பிரான்சு நாட்டிற் றொழில் செய்து வாழ்கின்றனர். அவர்கட்கு இவ்வேறுபாடு வெறும் ஆராய்ச்சிப் பொருளன்று. 2024 ஜனவரி 26ஆந் திகதிய சட்டத்தின் வழியாக, 2026 ஜனவரி 1 முதல், அந்நாட்டுக் குடியுரிமை வேண்டுவோர் பி2 நிலையையும், பத்தாண்டு வதிவிட அட்டையை முதன்முறை வேண்டுவோர் பி1 நிலையையும் அடைந்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும். முன்னர் இவற்றிற்கு முறையே பி1, ஏ2 என்பன போதியனவாயிருந்தன. ஒருபடி உயர்வுதானே என எண்ணலாகாது. சமையலறையிலும் கடையிலும் காதாற் கற்ற பிரெஞ்சுக்கும் ஏட்டில் எழுதும் பிரெஞ்சுக்கும் இடையிலுள்ள படி அது. ஆதலின் எப்பரீட்சையைத் தேர்வது, எவ்வாறு ஆயத்தஞ் செய்வது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

மேற்கூறிய நிலைகள் ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தைச் சார்ந்தவை. ஏ1, ஏ2 என்பன தொடக்க நிலைகள். பி1, பி2 என்பன பிறர் துணையின்றி மொழியை வழங்கும் நிலைகள். சி1, சி2 என்பன தேர்ச்சி நிலைகள். பி1 நிலையினர் தாம் கண்டதையும் செய்ததையும் தொடர்புறக் கூறுவர். பி2 நிலையினரோ ஒரு கருத்தை நிறுவி, மறுப்புக்கு விடையுங் கூறுவர்.

பரீட்சைகள் இருவகைப்படும். 1985இல் ஏற்பட்ட டெல்ஃப், டால்ஃப் என்பன முதல்வகை. ஏ1 முதல் பி2 வரை டெல்ஃப். சி1, சி2 இரண்டும் டால்ஃப். இவை பிரெஞ்சுக் கல்வியமைச்சு வழங்குஞ் சான்றிதழ்கள், காலவரையறையின்றிச் செல்லுபடியாவன. ஆயின் நிலையை முன்னரே தெரிந்தெடுத்து எழுதவேண்டும், தவறினாற் சான்றிதழில்லை. டி.சி.எஃப்., டி.ஈ.எஃப். என்பன இரண்டாம் வகை. இவற்றிற் சித்தியென்றும் தவறென்றும் இல்லை. எழுதியவர் எந்நிலையினர் என்று அளந்து கூறப்படும். அவ்வளவீடு ஈராண்டுக்கே செல்லும்.

தேர்வுக்குரிய விதி எளிது: பயனை முன்வைத்துப் பரீட்சையைத் தேர்க. தம் நிலையை நன்கறிந்து, ஆயத்தஞ் செய்யக் காலமும் உடையவர் டெல்ஃப் எழுதுதல் நன்று. ஒருமுறை பெற்ற சான்றிதழ் என்றும் உதவும். நிலை இன்னதென்று துணியாதவரும், விண்ணப்பத் திகதி நெருங்கப் பெற்றவரும் குடியுரிமைக்கும் வதிவிடத்திற்கும் உரிய டி.சி.எஃப். அல்லது டி.ஈ.எஃப். வகையை நாடலாம். கனடாவிற் குடிபுக விரும்புவோர் ஒன்றைக் கருத்தில் இருத்துக. அந்நாட்டு மத்திய அரசின் குடிவரவுத் திட்டங்களுக்கு டெல்ஃப் ஏற்கப்படுவதில்லை, டி.சி.எஃப். கனடா, டி.ஈ.எஃப். கனடா என்பனவே ஏற்கப்படும். இலங்கையிலிருந்தே டெல்ஃப் எழுத விரும்புவோர்க்குக் கொழும்பிலுள்ள அலியான்ஸ் பிரான்ஸேஸ் நிலையம் உண்டு.

இனி, டெல்ஃப் புள்ளி வழங்கும் முறையை நோக்குவாம். கேட்டல், வாசித்தல், எழுதல், பேசல் என்னும் நான்கு பகுதிக்கும் தனித்தனி 25 புள்ளிகள். மொத்தம் 50 பெற்றாற் சித்தி. ஆயினும் எப்பகுதியிலும் 5 புள்ளிக்குக் குறைதலாகாது. கேட்டலில் 20, வாசித்தலில் 18, பேசலில் 21 பெற்ற ஒருவர் எழுதலில் 4 பெறின், மொத்தம் 63 ஆயினும் அவர் சித்தியெய்தார். காதாற் கற்றோர் அஞ்சவேண்டிய இடம் இதுவே.

அவ்வச்சத்தின் காரணம் யாது? பிரெஞ்சு மொழியின் பேச்சும் எழுத்தும் வெகுவாக வேறுபடுதலே. ‘எனக்குத் தெரியாது’ என்னும் பொருளில் ஏட்டில் ‘ஜெ நெ சே பா’ என்று எழுதுவர். தெருவில் ‘ஷே பா’ என்பர். ‘பார்ல்’ என்று ஒரே ஒலியாகக் கேட்கும் வினைமுற்று, ‘அவன் பேசுகிறான்’ என்பதற்கு ஒருவிதமாகவும் ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதற்கு வேறுவிதமாகவும் எழுதப்படும். இருபதாண்டு பேசியவர்க்கும் இவ்வேறுபாட்டைக் காது அறிவியாது, கண்ணே அறிவிக்கும்.

ஆயினுந் தமிழ் கற்றவர் இதிற் சோர்வடைய வேண்டியதில்லை. வீட்டில் ஒரு தமிழும் கட்டுரையில் ஒரு தமிழுமாக வழங்கிப் பயின்றவரன்றோ நாம்? புணர்ச்சியும் நமக்குப் புதிதன்று. பன்மை குறிக்கும் ‘லே’ என்னுஞ் சொல் ‘ஆமி’ என்னும் நண்பரைக் குறிக்குஞ் சொல்லோடு சேர்ந்தால் ‘லேஸாமி’ என ஒலிக்கும். நம் மொழியில் உயிர்முன் உயிர் வர உடம்படுமெய் புதிதாகத் தோன்றும்; அவர்தம் மொழியில் எழுத்தில் ஒளிந்திருந்த மெய்யே வெளிப்படும். வேறுபாடு இவ்வளவே. மற்றொரு புறத்தில், தமிழர் தனியே முயன்று பழகவேண்டியதும் ஒன்றுண்டு. மீனைக் குறிக்குஞ் சொல்லும் பானத்தைக் குறிக்குஞ் சொல்லும் முதலொலியால் மட்டுமே வேறுபடும். ஒன்று அதிர்வற்றது, மற்றது அதிர்வுடையது. நம் நெடுங்கணக்கில் இரண்டிற்கும் பகரமே எழுத்து. ஆதலின் செவியையும் நாவையும் இவ்வேறுபாட்டிற் பழக்குதல் வேண்டும்.

தொழிலும் குடும்பமும் உடையவர் நெடுநேரம் படித்தல் அரிது. நாடோறும் அரை மணித்தியாலம் தவறாது படித்தல், ஞாயிறன்று நான்கு மணித்தியாலம் படிப்பதினும் மேலானது. முதற்கண், இலவசமாகக் கிடைக்கும் மாதிரி வினாத்தாளொன்றை நேரங் குறித்து எழுதி, எப்பகுதி மெலிந்ததென அறிக. ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியை முதலில் எழுத்தின்றிக் கேட்டு, பின் எழுத்தைப் பார்த்துக் கேட்க. கேட்டவற்றில் ஐந்து வாக்கியங்களைப் பாராது எழுதி ஒப்புநோக்குக. இது பேச்சுக்கும் எழுத்துக்கும் பாலமிடும்.

பி2 எழுதற் பகுதியில் ஒரு மணித்தியாலத்தில் 250 சொல்லுக்குக் குறையாது எழுதவேண்டும். நகரபிதாவுக்குக் கடிதமோ, ஒரு கருத்துக்குச் சார்பான அல்லது எதிரான கட்டுரையோ கேட்கப்படலாம். கூற்று, காரணம், உதாரணம், மறுப்புக்கு விடை, முடிவு என்னும் ஒழுங்கை வகுத்துக்கொண்டு, ஆயினும், ஆகவே, அதற்கு மாறாக என்னும் பொருளுடைய இணைப்புச் சொற்களைக் கைவரச் செய்க. பேசலுக்கு 30 நிமிடம் ஆயத்தத்திற்கும் ஏறக்குறைய 20 நிமிடம் உரையாடலுக்கும் உண்டு. அவ்வாயத்த நேரத்திற் குறிப்பு மட்டுமே எழுதுக. முழுவுரையை எழுதி வாசிப்பவர், பரீட்சகர் இடைமறித்து வினவுங்காற் றடுமாறுவர்.

ஒன்று கூறி அமைவாம். தான் எழுதியதன் பிழை தனக்குத் தெரியாது; திருத்துவார் ஒருவர் வேண்டும். வாரம் ஒரு கட்டுரை திருத்தப்பெற்று, திருத்தியதை மீட்டும் எழுதுபவர் விரைவில் முன்னேறுவர். அந்நாட்டிலுள்ள நம் பழைய மாணவருட் பரீட்சையிற் சித்தியெய்தியோர் தம்மோடு ஒரே வகுப்பிலிருந்து கற்ற நண்பருக்கு இவ்வுதவியைச் செய்வாராயின், அது கல்லூரிக்குச் செய்யும் பணியுமாகும்.