நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஊட்டிக்குப் போகும் வயிறுகள்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் ஸ்வெட்டர், குல்லாய், பாட்டியின் மாத்திரைப் பெட்டி என்று பட்டியல் போட்டு எடுத்து வைப்பார்கள். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸும் அதில் சேர்ந்துகொண்டது. பட்டியலில் எழுதாமலே வண்டியில் ஏறிக்கொள்பவை, வெளிச் சாப்பாட்டைப் பற்றிய நம்பிக்கைகள். அவற்றில் சில உண்மையிலேயே காப்பாற்றுகின்றன. பல, ஒரு பாவமும் அறியாத கடைக்காரரைத் திட்டுவதற்கு மட்டுமே உதவுகின்றன.

"கடைசியாகச் சாப்பிட்ட கடைதான் காரணம்"

பர்லியாறு தாண்டியதும் பையன் வாந்தி எடுக்கிறான். "அந்த மேட்டுப்பாளையம் கடை வேண்டாம்னு அப்பவே சொன்னேனே" என்று முன்சீட்டிலிருந்து குரல் வருகிறது. தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது.

முதல் சந்தேகம் சாலைமேல் வரவேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். பயண வாந்தி அதிகம் படுத்துவது இரண்டு வயதுக்கு மேல், பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத்தான். வண்டியை ஓரங்கட்டி, காற்று வாங்கவிட்டு, சற்று நேரத்தில் முகம் தெளிந்துவிட்டால், அந்தக் கடையில் சாப்பிட்ட இட்லிக்கும் வாந்திக்கும் சம்பந்தமில்லை.

உண்மையிலேயே உணவு நஞ்சாகியிருந்தாலும் கடைசிக் கடை குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கணக்கு உண்டு. சமைப்பவரின் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும் ஸ்டாஃபைலோகாக்கஸ், உணவிலேயே நஞ்சைச் செய்து வைத்துவிடும். சாப்பிட்ட அரைமணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி. சால்மொனெல்லாவுக்கு ஆறு மணி நேரமும் ஆகலாம், ஆறு நாளும் ஆகலாம். டைஃபாய்டு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, 15 முதல் 50 நாள் வரை ஒளிந்திருக்கும். ஆகவே ஊட்டியில் இறங்கியதும் வரும் வயிற்றுப்போக்குக்கு, முந்தாநாள் உள்ளூர்க் கல்யாண வீட்டில் சாப்பிட்ட பந்தியே காரணமாக இருக்கலாம். ஊட்டியில் குடித்த அசுத்தத் தண்ணீர் தன் வேலையைக் காட்டும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அப்போது யாருக்கும் ஊட்டி நினைவுக்கு வராது. மருத்துவர் "ஊருக்குப் போனீங்களா?" என்று கேட்பது அதனால்தான்.

"வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் பயமில்லை"

எதைக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோற்றைச் சுடச்சுட டப்பாவில் அடைத்து மூடினால் மணிக்கணக்கில் அது வெதுவெதுப்பாகவே இருக்கும். வித்துகள் முளைத்துப் பெருக அதைவிட வசதியான இடம் கிடையாது. வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "கெட்ட வாசனை வரலையே" என்பதும் சான்றாகாது. நஞ்சுக்கு வாசனை இல்லை.

நம் பாட்டிமார் பயணத்துக்குப் புளியோதரையைத் தேர்ந்தெடுத்தது வெறும் ருசிக்காக இல்லை. புளிக்காய்ச்சலின் அமிலம் இந்தக் கிருமிகளைத் தலையெடுக்க விடாது. தயிர்ச் சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகக் கலப்பதும் அதே கெட்டிக்காரத்தனம்தான்: போகும் வழியில் அதுவே புளித்து, தன்னைத்தானே காத்துக்கொள்ளும். அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சட்னியையும் உருளைக்கிழங்குக் கறியையும் வைத்து மதியம் இரண்டு மணிக்குத் திறக்கிறோமே, அங்கேதான் வீட்டுச் சமையலின் பெருமை சரிகிறது. இதற்கு ஓட்டலில் ஆவி பறக்கத் தட்டிலிருந்து எடுத்துப் போடும் இட்லி எவ்வளவோ மேல்.

இட்லி என்றதும் இன்னொன்று. "சைவ ஓட்டல்தானே, தைரியமா சாப்பிடலாம்" என்கிறோம். இட்லி தைரியமாகச் சாப்பிடக்கூடியதுதான். அதன் பக்கத்தில் வாளியில் காலையிலிருந்து நிற்கும் சட்னி சைவமாக இருப்பதால் கிருமிக்கு ஒரு தடையுமில்லை. வெங்காயப் பச்சடி, பானிபூரித் தண்ணீர், வெட்டி வைத்த பழம் எல்லாம் அந்த வகை. சந்தேகமிருந்தால் பொடியும் நல்லெண்ணெயும் கேளுங்கள். எந்தக் கடையிலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கூட்டம் உள்ள கடை நல்ல கடை என்பது பாதி உண்மை. கூட்டம் இருந்தால் செய்தது தேங்காமல் தீரும். ஆனால் மே மாத ஞாயிறு மதியம் ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் நிற்கும் கூட்டம் கடையைத் தேர்ந்தெடுத்து வந்த கூட்டமில்லை, வண்டி நிறுத்த இடம் கிடைத்ததால் வந்த கூட்டம். அதைச் சமாளிக்கச் சமையலறை காலையிலேயே குருமாவை அண்டா கணக்கில் வைத்துவிடும். அதனால் "நல்லா இருக்குமா?" என்று கேட்பதைவிட "எப்போ போட்டது?" என்று கேட்பது பயன் தரும்.

"மலைக் குளிரில் எதுவும் கெடாது"

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருந்தாலும் மே மாதப் பகலில் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டிவிடும். உணவில் கிருமி பெருகுவதற்கு 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் போதும். நாம் ஸ்வெட்டர் போட்டு நடுங்குவது பாக்டீரியாவுக்கு ஒரு பொருட்டில்லை. பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பு எரிய, முட்டை பப்ஸ் அடுக்கியிருக்கிறார்களே, அந்தக் கதகதப்பு இன்னும் மோசம். கையில் வாங்கும்போது சூடாக இருப்பது அடுப்பிலிருந்து வந்த சூடா, பல்பு தந்த சூடா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு முதல் தட்டு இறங்கும்போது அதே பப்ஸுக்கு ஈடில்லை. அந்த வேளையில் என்னால் ஒன்றோடு நிறுத்த முடிந்ததில்லை.

பேக்கரிப் பண்டங்களை ஒரே கண்ணால் பார்க்க முடியாது. ஈரம்தான் அளவுகோல். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியில் மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும் இருக்கின்றன, ஈரம் ஏறக்குறைய இல்லை. ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது. ரஸ்க்கும் அப்படியே. மலைக் காற்றில் நமுத்துப்போகுமே தவிர நஞ்சாகாது. (வர்க்கி நெய் மணக்கிறது என்று வாங்கி வருகிறவர்களுக்கு: பெரும்பாலான கடைகளில் அது வனஸ்பதி.) கிரீம் பன், ஃப்ரெஷ் கிரீம் கேக், சிக்கன் சாண்ட்விச் ஆகியவற்றை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததும் சும்மா இல்லை. சால்மொனெல்லாவுக்கு அது பிடித்த வீடு.

"ஹோம்மேட் சாக்லேட் ஊட்டி மண்ணின் சரக்கு"

கோக்கோ மரம் வெப்பத்தில் வளர்வது. ஊட்டிக் குளிரில் நிற்காது. பார்க்க வேண்டுமானால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குப் போகவேண்டும். ஊட்டிக் கடைகள் பலவற்றில் நடப்பது, ஆயத்தமாக வரும் கட்டிகளை உருக்கி, முந்திரியும் திராட்சையும் சேர்த்து அச்சில் ஊற்றுவது. அந்தக் கட்டி, தாவரக் கொழுப்பு சேர்ந்த காம்பவுண்டாக இருப்பதும் உண்டு. அதைச் சாப்பிடுவதில் தவறொன்றுமில்லை, விலையைப் பேசும்போது இது நினைவிருந்தால் போதும். சரியான கோக்கோ வெண்ணெய் உடல் சூட்டுக்கே உருகத் தொடங்கும். மேட்டுப்பாளையம் வெயிலில் பைக்குள் குழைந்துபோனால் கடைக்காரரைக் கோபிக்காதீர்கள், நல்ல சரக்கையே கொடுத்திருக்கலாம்.

ஓட்டல் பில்லைப் பற்றியும் சொல்லிவிடலாம். 5 சதவீத ஜி.எஸ்.டி. அரசுக்குப் போவது, கொடுத்தாக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் கடைக்குப் போவது. அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. எடுக்கச் சொல்லியும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.யைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் சண்டை போடுகிறவர்கள் தோற்பார்கள். பரிமாறுவதும் சேவைதான் என்பதால் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இலேயே சொல்லிவிட்டது. எம்.ஆர்.பி. பெட்டிக்கடைக்கும் பேக்கரிக்கும் செல்லும். ஊட்டியில் இந்தச் சண்டைக்கே வேலையில்லை: நீலகிரி மாவட்டத்தில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டுபோய்த் தண்ணீர் ஏ.டி.எம்.மில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.