குறைந்த செலவில் விளையாட்டுக் கணிப்பொறி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கணிப்பொறி வாங்க இரு வழிகள் உண்டு. நிறுவனம் முழுமையாகச் செய்து பெட்டியில் அடைத்து விற்பதை அப்படியே வாங்கி வருவது ஒன்று. உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து வாங்கி ஒன்றாகக் கோத்துக்கொள்வது மற்றொன்று. கடைக்காரர்கள் இதனை 'அசெம்பிள் செய்வது' என்பார்கள். கைப்பணம் குறைந்த மாணவர்க்கு இரண்டாம் வழியே ஏற்றது என்பதும், அதில் எந்த உறுப்புக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

விளையாட்டு என்றதும் பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டா. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியை இங்கே சொல்லவில்லை. அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிவிட்டது. கால்பந்து, கார்ப் பந்தயம் போன்ற, காட்சிகள் நிறைந்த விளையாட்டுகளையே குறிப்பிடுகிறேன். வீட்டுக் கணிப்பொறி செய்யும் வேலைகளுள் இது மிகக் கடினமானது. இதைத் தாங்கும் பொறி நிரல் எழுதவும், வீடியோ வெட்டித் தொகுக்கவும், வரைபடம் வரையவும் தாராளமாகப் போதும்.

ஐம்பது மூட்டை நெல்

திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவை நீங்கலாக 50,000 ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வோம். நகரத்தார் இதைச் சிக்கனம் என்பர். எங்கள் கீழ்வேளூர்ப் பக்கம் எதையும் நெல்லாக மாற்றிப் பார்ப்பது வழக்கம். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் விலை. அந்த விலையில் 50,000 ரூபாய் என்பது 20 குவிண்டால். 40 கிலோ மூட்டையில் 50 மூட்டை. ஏறத்தாழ ஓர் ஏக்கரின் ஒரு போக விளைச்சல். உழவு, உரம், நடவுக் கூலி, அறுவடை இயந்திர வாடகை எதையும் கழிக்காத கணக்கு இது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இவ்வகுப்பில் பலர் உண்டு. ஐம்பது மூட்டையைக் கொடுத்து ஒரு பெட்டி வாங்கி வந்தால், "இதில் எதற்கு எவ்வளவு?" என்று வீட்டில் கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

மாற்றிக்கொள்ளும் வசதி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவே சிற்றூர்களில் பல வீடுகளுக்கு முதல் கணிப்பொறி வந்தது. படிப்புக்கு அவை பெரிதும் துணை செய்தன. ஆனால் மடிக்கணினியில் பிராசசரும் படம் வரையும் பகுதியும் பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. பின்னர் மாற்ற இயலாதவை. கோத்துக்கொண்ட பொறியில் எந்த உறுப்பையும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் கையில் காசு புரளும் வீட்டுக்கு இது பெரிய வசதி.

உறுப்புகள் ஏழு. கணக்கிடும் தலைமை உறுப்பு பிராசசர். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணித்துத் தருவது கிராபிக்ஸ் கார்டு. எல்லாவற்றையும் இணைக்கும் பலகை மதர்போர்டு. வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருப்பது ரேம். நிலையாகச் சேமித்து வைப்பது எஸ்.எஸ்.டி. வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். இவற்றை உள்ளடக்கிய கூடு கேபினெட்.

திரையே முதற்கேள்வி

பலரும் கேட்கும் முதற்கேள்வி, "எந்தப் பிராசசர் நல்லது?" என்பது. கேட்க வேண்டியதோ, "எந்தத் திரையில் பார்க்கப் போகிறோம்?" என்பது. 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உண்டு. 3840 × 2160 அளவுள்ள திரையில் 82,94,400 புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. காட்சி அசைவு உறுத்தாமல் இருக்க நொடிக்கு 60 படங்கள் வேண்டும் என்றால், முதல் திரைக்கே நொடிக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணிக்க வேண்டும். பெரிய திரைக்கு ஆசைப்பட்டால் இந்தச் சுமை நான்கு மடங்காகும். அதற்கேற்ப கிராபிக்ஸ் கார்டின் விலையும் ஏறும். ஆகவே நம் வரம்புக்கு 1920 × 1080 திரையே ஏற்றது. இதை முடிவு செய்துகொண்டால் மற்றவை எளிதாகும்.

கடைமடைக் கணக்கு

நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும், இடையில் ஒரு வாய்க்கால் தூர் வாராமல் கிடந்தால் நம் வயலுக்கு அந்த வாய்க்கால் விடுகிற அளவே வரும் என்பதை யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. கணிப்பொறியின் இயல்பும் இதுவே.

ஒரு படம் திரைக்கு வரும் முன் இரண்டு கட்டங்களைக் கடக்கிறது. பந்து எங்கே, ஆட்டக்காரர் எங்கே என்று பிராசசர் கணக்கிட்டு ஆணை தருகிறது. அந்த ஆணைப்படி கிராபிக்ஸ் கார்டு படத்தை வரைகிறது. இரண்டும் ஒரே சமயத்தில், அடுத்தடுத்த படங்களின் மேல் வேலை செய்கின்றன. ஒரு படத்துக்குப் பிராசசர் 10 மில்லி நொடியும் கிராபிக்ஸ் கார்டு 25 மில்லி நொடியும் எடுப்பதாகக் கொள்வோம். நொடிக்கு எத்தனை படம் கிடைக்கும்? 1000-ஐ 25-ஆல் வகுக்க 40. இப்போது பெருஞ்செலவில் இரு மடங்கு வேகமான பிராசசரை வாங்கி, அதன் நேரத்தை 5 மில்லி நொடியாகக் குறைக்கிறோம். அப்போதும் நொடிக்கு 40 படந்தான். செலவிட்ட பணம் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. அதே பணத்தைக் கார்டில் போட்டு, 25-ஐ 16 ஆக்கினால் படங்கள் 60-ஐத் தாண்டும். அடைப்பு எந்த இடத்தில் உள்ளதோ அங்கே மண்வெட்டியைப் போட வேண்டும். பெரும்பாலான காட்சி விளையாட்டுகளில் அந்த இடம் கிராபிக்ஸ் கார்டே.

பொருந்துவதும் பொருந்தாததும்

எந்தப் பிராசசரும் எந்தப் பலகையிலும் அமராது. பிராசசர் அமரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட் 2016-இல் வந்தது, அது டி.டி.ஆர்.4 வகை ரேமை ஏற்கும். 2022-இல் வந்த ஏ.எம்.5, டி.டி.ஆர்.5 வகையை மட்டுமே ஏற்கும். இன்டெல் நிறுவனத்தின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டுக்கு இரு வகைப் பலகைகளும் உண்டு. வாங்கும் பலகை எந்த வகை என்று பார்த்தே ரேம் வாங்க வேண்டும். பெயரின் இறுதி எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெல் பிராசசரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் படம் வரையும் பகுதி இல்லை. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ஏ.எம்.4 பிராசசரின் பெயர் 'ஜி' என்று முடிந்தால் அப்பகுதி உள்ளேயே இருக்கிறது.

ரேமில் ஒரு நுணுக்கம் உண்டு. 16 ஜி.பி. வேண்டுமென்றால் ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்கி, மதர்போர்டு கையேடு சொல்லும் துளைகளில் மாட்டுவது நல்லது. டி.டி.ஆர்.4–3200 ரேமின் ஒரு தடத்தில் நொடிக்கு 25.6 ஜி.பி. வரை தகவல் செல்லும். இரு தடங்களில் 51.2 ஜி.பி. செல்லும். தனிக் கார்டு இல்லாத பொறியில் படம் வரையும் பகுதியும் இதே ரேமைப் பயன்படுத்துவதால் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

மின்சாரத்தில் சிக்கனம் கூடாது

பணம் குறையும்போது பலரும் முதலில் கை வைப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸில். பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டு, கேபினெட்டோடு மலிவாகக் கிடைத்த பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினார். ஒரு மழைநாளில் மின்சாரம் போய் வந்தபோது அது புகைந்தது. தன்னோடு மதர்போர்டையும் கொண்டுபோயிற்று. பம்ப்செட்டுகள் ஓடும் வேளையில் மின்னழுத்தம் தாழ்வதும், நின்றவுடன் எகிறுவதும் நம் ஊர்களில் அன்றாட நிகழ்ச்சி. நல்ல எஸ்.எம்.பி.எஸ்., எர்த் இணைப்புள்ள மூன்று துளைப் பிளக், சிறிய யு.பி.எஸ். ஆகிய மூன்றும் இங்கே ஆடம்பரமல்ல.

எவ்வளவு திறன் வேண்டும்? 2022-இல் வந்த ரைசன் 5 5600 பிராசசர் உச்சத்தில் 88 வாட் எடுக்கும். 2021-இல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டு 132 வாட். மற்றவற்றுக்கு 40 வாட் சேர்த்தால் 260 வாட். 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இதற்குப் போதும், 750 வாட் தேவையில்லை. ஆனால் அதில் '80 பிளஸ்' முத்திரை இருக்க வேண்டும். எடுக்கும் மின்சாரத்தில் 80 விழுக்காடாவது உறுப்புகளுக்குப் போய்ச் சேரும் என்பதே அதன் பொருள். அப்படியாயின் சுவரிலிருந்து எடுப்பது 325 வாட். நாளொன்றுக்கு 4 மணி நேரம் இவ்வாறு ஓடினால் 1.3 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 78 யூனிட். வீடுகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே விழுங்கிவிடும். இதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பங்கீடு

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு 50,000 ரூபாயை நான் பங்கிடும் முறை வருமாறு:

கிராபிக்ஸ் கார்டு – 20,000
பிராசசர் – 8,500
மதர்போர்டு – 6,500
ரேம் – 5,500
எஸ்.எஸ்.டி. – 4,000
எஸ்.எம்.பி.எஸ். – 3,500
கேபினெட் – 2,000

இது விலைப்பட்டியல் அன்று, செலவின் விகிதமே. நூற்றுக்கு நாற்பது பங்கு, அதாவது இருபது மூட்டை, அடைப்புள்ள இடத்துக்குப் போகிறது. விலைகள் நம் கையில் இல்லை. 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில், தன் 'குரூசியல்' சில்லறை வணிகத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. இத்தகைய வேளையில் ரேமுக்குக் கூடுதலாக வேண்டிய பணத்தைக் கிராபிக்ஸ் கார்டின் பங்கிலிருந்து எடுக்கலாம், எஸ்.எம்.பி.எஸ். பங்கிலிருந்து எடுக்கக் கூடாது. கார்டைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்; எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் மற்றவற்றையும் கெடுக்கும்.

வாங்கும் இடம்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போனது. இரவு ரயிலேறி எழும்பூரில் இறங்கினால் காலையில் போய்விடலாம். நான்கு கடைகளில் விலை கேட்டுக் குறித்துக்கொண்டு, ஐந்தாம் கடையில் பேசலாம். ஆனால் பொருள் பழுதானால் மறுபடியும் சென்னைக்குப் போய்வரும் செலவும் விலையில் ஒரு பகுதியே. விலை வேறுபாடு சிறிதாயின் திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ வாங்குவது மேல்.

"பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு மயங்கலாகாது. 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 விழுக்காடு வரி 1,800 ரூபாய். அதை மிச்சப்படுத்தப் போய், மூன்றாண்டு உத்தரவாதத்தை இழக்க நேரலாம்.

பழைய கார்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுள் சில எத்தீரியம் என்ற இணைய நாணயத்தை ஈட்டுவதற்காக இரவும் பகலும் ஓடியவை. 2022 செப்டம்பர் 15 அன்று அந்நாணயத்தின் முறை மாறியதும் அவ்வேலை நின்றது. கார்டுகள் சந்தைக்கு வந்தன. பழையதை வாங்குவோர் அரைமணி நேரமாவது கனமான விளையாட்டை ஓட்டி, விசிறிகள் சுழல்வதையும் படம் சிதறாமல் வருவதையும் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

சிறுகக் கட்டுதல்

ஐம்பதாயிரம் ஒரே தவணையில் இல்லாதவர் என்ன செய்வது? கடன் தவணையில் இறங்குவதைவிட இரண்டு போகமாகப் பிரித்துக்கொள்வதே நன்று. முதலில் படம் வரையும் பகுதியை உள்ளே கொண்ட பிராசசர் ஒன்றை வாங்கலாம். 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதனோடு நல்ல மதர்போர்டு, இரு துண்டு ரேம், எஸ்.எஸ்.டி., பின்னர் வரப்போகும் கார்டையும் தாங்கக்கூடிய எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட். கார்டுக்குரிய இருபது மூட்டை வீட்டிலேயே நிற்கும். பாடங்களுக்கும் நிரல் எழுதவும் இப்பொறி போதும். எளிய விளையாட்டுகளும் ஓடும். அடுத்த அறுவடையில் கையில் மிச்சம் நின்றால் கார்டை வாங்கி மாட்டலாம். நிற்காவிட்டாலும் வீட்டுக்குக் கடன் இல்லை, கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும். கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஏழு உறுப்புகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் வேலை, அதன் பங்கு, அது எதனோடு பொருந்தும் என்று மூன்று குறிப்புகள் எழுதுங்கள். எந்த வரியில் எழுத முடியாமல் பேனா நிற்கிறதோ, அந்த உறுப்பை அன்று வாங்காதீர்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டு பிறகு வாங்குங்கள்.