சாக்லெட் ஆலையில் ஆறு வாரம்

உணவுத் தொழில்நுட்பம், வேதிப் பொறியியல், நுண்ணுயிரியல் போன்ற படிப்புகளில் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகள், விடுமுறையில் நான்கு அல்லது ஆறு வாரம் ஏதேனும் ஓர் ஆலையில் தொழிற்பயிற்சி பெற வேண்டும் என்பது பல கல்லூரிகளில் விதி. "எங்காவது போய் ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால் போதும்" என்பதே பெரும்பாலான வீடுகளில் கேட்கும் பேச்சு. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அது போதாது. சிபாரிசு செய்ய மாமாவோ சித்தப்பாவோ இந்த ஊர் ஆலைகளில் இல்லை. நம் பிள்ளைகளின் கைத்திறனும் அவர்கள் பேச்சில் உள்ள நம்பகமுமே அவர்களுக்குச் சிபாரிசு. அவ்விரண்டையும் பயிற்சிக் காலத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதை, பிள்ளைகள் எல்லோருக்கும் பிடித்த சாக்லெட்டை வைத்துப் பார்ப்போம்.

இரு வகைப் பயிற்சி

படிக்கும்போது சில வாரம் சென்று வருவது ஒரு வகை. இதற்கு உதவித்தொகை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மற்றொன்று 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் எழுதிச் சேர்வது. இதில் மாத உதவித்தொகை தருவது நிறுவனத்தின் கடமை. பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இச்சட்டம் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வழி திறந்தது. எந்த வகையில் சேர்கிறோம் என்பதைச் சேருமுன் எழுத்து மூலம் தெரிந்துகொள்வது நல்லது.

கொக்கோ எங்கிருந்து வருகிறது?

கொக்கோ ஆப்பிரிக்காவில்தான் விளைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆந்திரம், கேரளம், கர்நாடகம், தமிழகம் ஆகிய நம் நான்கு மாநிலங்களிலும் அது விளைகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் ஊடுபயிராக நிற்பதைக் காணலாம். தென் கன்னடத்தில் பாக்குத் தோட்டங்களில் வளர்கிறது. 1973-இல் கர்நாடக, கேரளப் பாக்கு விவசாயிகளுக்காக மங்களூரில் 'காம்ப்கோ' என்ற கூட்டுறவு அமைப்பு தோன்றியது. எழுபதுகளின் இறுதியில் கொக்கோ வாங்க ஆளின்றி விலை சரிந்தபோது, அந்தக் கூட்டுறவே கொள்முதலில் இறங்கியது. 1986-இல் புத்தூரில் சொந்தச் சாக்லெட் ஆலையும் திறந்தது. ஆலைக்குள் நுழையும் மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இயந்திரத்தில் விழும் ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் ஒரு தோட்டக்காரர் இருக்கிறார்.

கொட்டை முதல் கட்டி வரை

கொக்கோக் காய் ஒன்றில் ஏறத்தாழ 30 முதல் 40 கொட்டைகள் இருக்கும். அவற்றை வெண்சதையோடு பெட்டியிலோ கூடையிலோ குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைப்பார்கள். குவியலின் உள்சூடு 45 பாகை செல்சியசைத் தாண்டும். சாக்லெட் மணத்தின் வேர் இங்கேதான் பிடிக்கிறது. பிறகு ஈரப்பதம் 7 சதவீத அளவுக்கு வரும்வரை உலர்த்துவார்கள்.

ஆலை வாசலில் செய்யும் முதல் சோதனை எளியது. மூட்டையிலிருந்து எடுத்த கொட்டைகளை நீளவாக்கில் வெட்டி உள்நிறம் பார்ப்பார்கள். பழுப்பு என்றால் நன்கு புளித்தது. ஊதா என்றால் அரைகுறை. சிலேட்டுச் சாம்பல் என்றால் புளிக்கவே இல்லை. பூஞ்சை, பூச்சி அரித்தவை தனிக் கணக்கு. விவசாயிக்குக் கிடைக்கும் விலை இந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே இது விளையாட்டு வேலையன்று.

அடுத்தது வறுத்தல். சாதாரணமாக 120 முதல் 140 பாகை வரை. மணம் கூடுவதற்காக மட்டும் வறுப்பதில்லை. கொட்டையோடு வந்த கிருமிகள் சாகும் இடமும் அதுதான். பின்னர் உடைத்து, காற்றால் ஊதித் தோலை நீக்குவார்கள். நம் பாட்டிமார் முறத்தில் புடைத்ததன் இயந்திர வடிவம் இது. எஞ்சும் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதனால் அரைத்தால் மாவாகாது, கூழாகும்.

கூழோடு சர்க்கரை, பால்பொடி சேர்த்து உருளைகளுக்கிடையே 20 முதல் 25 மைக்ரான் வரை நுணுக்குவார்கள். 30-ஐத் தாண்டினால் நாக்கில் நறநறக்கும். பிறகு பல மணி நேரம் சூட்டில் கிளறிப் புளிப்பு வாடையையும் மிச்ச ஈரத்தையும் போக்குவார்கள். 'கான்சிங்' எனப்படும் இம்முறையை 1879-இல் சுவிட்சர்லாந்தில் ரோடால்ஃப் லிண்ட் கண்டறிந்தார்.

நமக்குப் பெருமை தரும் ஒரு செய்தி: சிறு அளவில் சாக்லெட் செய்யும் வெளிநாட்டார் பலர் அரைக்கப் பயன்படுத்துவது, இட்லி மாவு அரைக்கும் நம் வெட்கிரைண்டரின் மாற்று வடிவத்தைத்தான்.

பதம் பிடித்தல்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்குப் பதம் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. சாக்லெட்டுக்கும் பதம் உண்டு. கொக்கோக் கொழுப்பு ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகை மட்டுமே பளபளப்பையும், உடைக்கும்போது 'டக்' என்ற ஓசையையும் தரும். அறையில் கட்டியாக நின்று வாயில் கரையும். அதைப் பெற, 45 பாகைக்கு மேல் உருக்கி, 27 - 28 வரை குளிர்வித்து, மீண்டும் 31 - 32-க்கு உயர்த்துவார்கள். இது கறுப்புச் சாக்லெட்டுக்கான கணக்கு. பால் சாக்லெட்டுக்கு ஓரிரு பாகை குறைவு.

பதம் தவறினால் நாளடைவில் மேலே வெள்ளைப் படலம் பூக்கும். வெயிலில் இளகி மறுபடி உறைந்தாலும் அப்படியே. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரித்தால், காற்றின் ஈரம் படிந்து சர்க்கரை கரைந்து வேறொரு வெள்ளை தோன்றும். இரண்டும் பூஞ்சையல்ல, உடலுக்குத் தீங்குமில்லை. ஆனால் சுவை போய்விடும்.

ஒரு சொட்டு நீர்

பாத்திரம் கழுவத் தண்ணீர்தானே வேண்டும் என்று நினைப்போம். சாக்லெட் ஆலையில் நீர் பகைவன். உருகிய சாக்லெட்டில் சிறிது நீர் விழுந்தால் அது திரண்டு கெட்டியாகிவிடும். அதைவிடப் பெரிய அபாயம் கிருமி. சால்மோனெல்லா சாக்லெட்டின் வறட்சியில் பெருகாது. ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். நீர் குறைவாக இருப்பதால் சூட்டையும் தாங்கும். பாலைக் காய்ச்சுவதுபோல் சாக்லெட்டைச் சுடவைத்து அதைக் கொல்ல முடியாது. எனவேதான் வறுக்காத கொட்டை இருக்கும் பகுதியையும், வறுத்தபின் உள்ள பகுதியையும் தனித்தனியே வைக்கிறார்கள். ஆட்கள்கூட உடையும் காலணியும் மாற்றாமல் கடப்பதில்லை.

இங்கிலாந்தில் 2006-இல் நடந்ததை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். காட்பரி நிறுவனத்தின் மார்ல்புரூக் ஆலையில் கழிவுநீர்க் குழாயொன்று கசிந்து, சாக்லெட்டுக்கான பால் கலவையில் சால்மோனெல்லா சேர்ந்தது. சோதனையில் அது ஜனவரியிலேயே தெரிந்தது. அளவு மிகக் குறைவு, ஆபத்தில்லை என்று நிறுவனம் கருதியது. ஜூன் மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. மறு ஆண்டு நீதிமன்றம் பத்து லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. சோதனை செய்தவர்களுக்கு அறிவில் குறைவில்லை. எண் ஏட்டில் இருந்தது. அந்த எண்ணை "குறைவுதானே" என்று விட்டதுதான் பிழை. சாக்லெட்டை அதிகம் உண்பவர்கள் குழந்தைகள் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

பயிற்சி ஏடு

இப்போது மாணவரின் வேலைக்கு வருவோம். பயிற்சிக்கு வருபவரிடம் பெரும்பாலும் அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலை குறிக்கும் வேலையைத்தான் தருவார்கள். "இதற்கா பொறியியல் படித்தேன்?" என்று சலிப்பு வரும். ஒரு நாள் 31 காட்ட வேண்டிய மானி 33 காட்டும். பக்கத்தில் நிற்பவர், "31 என்றே போடு தம்பி, வரிசையை நிறுத்தினால் பேச்சு கேட்க வேண்டும்" என்பார். அவர் கெட்டவரல்லர், அன்றைய உற்பத்திக் கணக்கு அவர் தலைமேல் இருக்கிறது. அந்த இடத்தில் 33 என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் பணிவாகச் சொல்வதே பயிற்சி. மானி பழுதாகவும் இருக்கலாம், பதம் தவறியும் இருக்கலாம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க அந்த 33 வேண்டும்.

நடைமுறைக்குச் சில குறிப்புகள்:

• பூ, பொட்டு, வளையல், கையில் கட்டிய கயிறு, நகப்பூச்சு எதுவும் உள்ளே கூடாது. உலோகத் துண்டை உலோகங்காட்டி பிடிக்கும். ஸ்டிக்கர் பொட்டையும் மல்லிகை இதழையும் பிடிக்காது.

• நிலக்கடலை, முந்திரி சேர்ந்த வகைக்குப் பின் சாதாரண வகை ஓடும்போது எப்படித் துப்புரவு செய்கிறார்கள் என்று கவனியுங்கள். கடலை ஒவ்வாத குழந்தைக்கு மிகச் சிறு துணுக்கும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

• எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல், ஒரே ஒரு கேள்வியை எடுத்து ஆறு வாரமும் அளந்து பாருங்கள். 'வறுத்தபின் பருப்பின் ஈரம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது?' போன்ற ஒன்று போதும்.

• கலவை விகிதம் ஆலையின் சொத்து. அனுமதியின்றி அறிக்கையில் எழுதக் கூடாது. படம் எடுக்கவும் கூடாது.

• இயந்திரம் ஓட்டுபவரிடம் அந்த ஊர் மொழியில் பேசுங்கள். பாடநூலில் இல்லாதது பாதி அவரிடம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் "சாக்லெட் கொண்டு வந்தாயா?" என்று கேட்பது இயல்பு. கூடவே "இன்று என்ன அளந்தாய்?" என்றும் கேளுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. வறுக்கும் பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ள இடங்களை ஏன் பிரித்து வைக்கிறார்கள்?

2. பால் சாக்லெட்டுக்குப் பதச் சூடு ஏன் குறைவு? (குறிப்பு: பால் கொழுப்பு கொக்கோக் கொழுப்பைவிட மென்மையானது.)

3. வீட்டில் வெள்ளை படர்ந்த சாக்லெட் இருந்தால், அது வெயிலாலா குளிர்பெட்டியாலா என்று எப்படி அறிவீர்கள்? (குறிப்பு: விரலால் தடவிப் பாருங்கள். கொழுப்புப் படலம் வழவழக்கும், சர்க்கரைப் படலம் சொரசொரக்கும்.)

4. 33 காட்டிய மானி பழுதா இல்லையா என்று அறிய நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?