சரிபார்க்க இடம் கொடுக்கும் சபை



எந்த பைபிளை வாங்குவது, எந்தச் சபைக்குப் போவது என்ற இரண்டு கேள்விகளும் தர்மபுரியில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை ஒரே நேரத்தில் சூழ்ந்துகொள்ளும். கத்தோலிக்கப் பங்கு, சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என எல்லாப் பக்கமிருந்தும் அன்பான அழைப்பு வரும். கூடவே கையில் ஒரு புத்தகமும் வரும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கேட்டதை நீங்களே எடுத்துப் பார்த்து, சரிதானா என்று திருப்பிக் கேட்க இடம் கொடுக்கிற புத்தகத்தையும் சபையையும் தேர்ந்தெடுங்கள். இந்த அளவுகோல் வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, அது அப்படித்தானா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். லூக்கா அதற்காக அவர்களைப் பாராட்டித்தான் எழுதுகிறார்.

முதலில் பைபிள். தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழில் அச்சேற்றிய புதிய ஏற்பாடு 1715-ல் வெளிவந்தது. பிறகு ஃபப்ரிசியுஸ், ரேனியுஸ் என்று பலர் மொழிபெயர்ப்பில் உழைத்தார்கள். இன்று பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் பரிசுத்த வேதாகமம் ஹென்றி பவர் குழுவின் 1871-ஆம் ஆண்டுப் பதிப்பின் வழி வந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-ல் வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய உழைப்பை மதித்தது, மதித்துக்கொண்டே திருத்தவும் செய்தது. ஆகவே இரண்டையும் வாங்கி அருகருகே வைத்துப் படியுங்கள். யோவானின் முதல் கடிதம் 5:7-ஐ எடுத்துப் பாருங்கள். பழைய பதிப்பில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் பரலோகத்தில் சாட்சி கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். திருவிவிலியத்தில் அது இல்லை. யாரும் வேதத்தை வெட்டிவிடவில்லை. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்த வரி கிடையாது. லத்தீன் வழியாகப் பிற்காலத்தில் உள்ளே வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பின் முதல் இரண்டு அச்சுகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522-ல்தான் சேர்த்தார். திரித்துவ நம்பிக்கை அந்த ஒரு வரியை நம்பி நிற்கவில்லை. இதைக் கேட்டதும் பதறாமல் உட்கார்ந்து விளக்குகிற போதகர் கிடைத்தால், அவரிடம் நீங்கள் இன்னும் நிறையக் கற்கலாம்.

புத்தாண்டு ஆராதனையில் கையில் வரும் வாக்குத்தத்த அட்டையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். எரேமியா 29:11 அதில் அடிக்கடி வரும். நல்ல எதிர்காலம் தருவதாகக் கடவுள் சொல்லும் வசனம். அதற்கு முந்தைய வசனத்தைப் படித்தால், பாபிலோனில் எழுபது ஆண்டு முடிந்த பிறகே விடுதலை என்று இருக்கிறது. இன்னும் மேலே போனால், அந்நிய ஊரில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது. வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் மாவட்டத்துக்கு அட்டையைவிட அந்த முழு அதிகாரம்தான் நெருக்கமானது. விளக்கவுரையும் தியான நூலும் பிறகு வரட்டும். பதினாறே அதிகாரம் கொண்ட மாற்கு நற்செய்தியை முதலில் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள்.

சபை விஷயத்தில் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1895-ல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கிய லுத்தரன் மிஷனுக்கும், 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மறைமாவட்டத்துக்கும், போன வருடம் ஓட்டுக்கூரையின் கீழ் தொடங்கிய ஜெபவீட்டுக்கும் ஒரே கேள்விகள்தான். காணிக்கைக் கணக்கைச் சபையார் பார்க்க முடிகிறதா? எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், யாரும் குறை சொல்லாதபடி சபைகள் தேர்ந்தெடுத்தவர்களையும் பவுல் கூட்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே அது தேவைப்பட்டது என்றால் நம் பாஸ்டருக்கு அது அவமானம் ஆகாது. அடுத்தது பந்தி. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கல்லறையில் யாருக்கு எங்கே இடம் என்று கவனியுங்கள். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. 2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் சாதி வன்முறையில் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. இங்கே சாதியைப் பற்றிப் பேசவே பேசாத பிரசங்கம் பாதிப் பிரசங்கம்தான்.

புதிதாக வந்தவன் போதகரைச் சோதிப்பது ஆணவம் அல்லவா என்று சிலர் கேட்பார்கள். பணிவு வேண்டும்தான். ஆனால் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டபோது, பவுல் எல்லார் முன்பாகவும் அவரைத் தட்டிக்கேட்டார். பேதுருவின் மதிப்பு அதனால் குறையவில்லை. கேள்வி கேட்பவனுக்குச் சாபம் வரும் என்று எங்காவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். ஜெபித்தாயிற்று, இனி சர்க்கரை மாத்திரையும் காசநோய் மருந்தும் வேண்டாம் என்று சொன்னாலும் அப்படியே. பவுலோடு கூட இருந்த லூக்கா ஒரு மருத்துவர்.

யூடியூபில் இதைவிட நல்ல பிரசங்கம் கிடைக்கிறதே, சபை எதற்கு என்று கேட்கலாம். கேளுங்கள், தவறில்லை. ஆனால் அந்தப் பிரசங்கியாருக்கு உங்கள் பெயர் தெரியாது. அம்மா தர்மபுரி அரசு மருத்துவமனையில் படுத்திருந்தால் அவர் வந்து பார்க்கப்போவதில்லை. நீங்கள் தவறினாலும் திருத்தப்போவதில்லை. பென்னாகரம், அரூர் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரே ஒரு ஜெபவீடுதான் இருக்கிறது, தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்பது இன்னும் நியாயமான கேள்வி. அங்கே குறை இருந்தாலும் உடனே விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு வேறொரு சபைக்குப் போய்வாருங்கள். சொந்தச் சபையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு நற்செய்தியை வரிசையாகப் படிக்கத் தொடங்குங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் பட்டியல் சாதியில் பிறந்தவர் என்றால், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவீர்கள். கல்விக்கும் வேலைக்கும் இது பெரிய மாற்றம். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கும் முன்பே உங்கள் போதகர் இதை வெளிப்படையாகச் சொல்கிறாரா, இல்லை சாதிச் சான்றிதழில் மறைத்துக்கொள்ளலாம் என்கிறாரா என்று பாருங்கள். அவராகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வீட்டாரையும் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள்.