ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள்!

கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கும் பாடல்களை நல்ல ஸ்டீரியோவில் கேட்கும் ஆசை பலருக்கும் உண்டு. தாம்பரத்திலோ ரிச்சி தெருவிலோ கடைக்குள் நுழைந்தால், "எத்தனை வாட்ஸ் சார் வேணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட செட் ஒன்றைப் போனஸ் பணத்தில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்க லேபிளைப் பார்த்தால் "230 வோல்ட், 30 வாட்ஸ்" என்றிருந்தது. கரண்டிலிருந்து எடுப்பதே 30 வாட்ஸ் என்றால், 1000 வாட்ஸ் எங்கிருந்து வரும்?

ஆர்.எம்.எஸ். எவ்வளவு?

பி.எம்.பி.ஓ. என்பதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் குறிப்பது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். ஒரு சானலுக்கு எவ்வளவு, எத்தனை ஓம்ஸ் ஸ்பீக்கரில் என்று சேர்த்துக் கேளுங்கள்.

சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள்

ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கும் ஒலி அளவே சென்சிட்டிவிட்டி. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 2 வாட்ஸ் கொடுத்தால் 90, 4 வாட்ஸ் கொடுத்தால் 93. அதாவது, வாட்ஸை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 90 டெசிபல் ஸ்பீக்கரில் 16 வாட்ஸ் தரும் சத்தத்துக்கு 87 டெசிபல் ஸ்பீக்கரில் 32 வாட்ஸ் தேவைப்படும். குரோம்பேட்டை, சேலையூர் அடுக்குமாடி வீடுகளில் 10க்கு 12 அடி அறைக்கு, சானலுக்கு 20 முதல் 30 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம்.

சிறிய ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் அலற விடாதீர்கள். அதன் எல்லையைத் தாண்டும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும்; முதலில் கருகுவது பெரும்பாலும் ட்வீட்டர்தான். பாட்டு கரகரத்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள்.

ஓம்ஸ் பொருந்த வேண்டும்

ஆம்ப்ளிஃபயரில் "8 ஓம்ஸ்" என்று மட்டும் இருந்தால் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்களை ஒரே சானலில் பேரலலாக இணைத்தாலும் 4 ஓம்ஸ் ஆகிவிடும், ஆம்ப்ளிஃபயர் சூடேறும். மல்டிமீட்டரில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் சுமார் 6 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது சரியே.

பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் நம் ஊர் ஈரக் காற்றில் உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நீண்ட நாள் உழைக்கும்.

வீட்டில் அமைக்கும்போது

* இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும்.
* சிவப்பு முனை சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு பக்கம் மாறினாலும் பேஸ் மெலிந்துவிடும்.
* டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். கெட்டித் திரையும் புத்தக அலமாரியும் உதவும்.
* கம்ப்யூட்டரை இணைத்ததும் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால், இரண்டையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உயிருக்கே ஆபத்து.
* 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியாது. துகள் பலகைப் பெட்டிகள் நனைந்தால் உப்பிவிடும். தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஸ்டாண்டில் உயர்த்தி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நூறு முறை கேட்ட பாட்டை பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கிறதா, பாடகர் குரல் நடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், லேபிளில் வெறும் 25 வாட்ஸ் இருந்தாலும் தைரியமாக வாங்கலாம்.