ஒரே நீராவி, மூன்று வேலை! - சுதேசிக் கப்பல் காலத்து இஞ்சின்



வ.உ.சி. கப்பல் ஓட்டினார் என்பது எல்லாருக்கும் தெரியும். கப்பல் எப்படி ஓடியது என்று கேட்டால் 'நீராவியில்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். மெக்கானிக்கல் படிக்கிற நாம் அதோடு விட்டுவிடலாமா?

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். 1907-ல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிர்க் கம்பெனியான வெள்ளைக்காரன் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. இப்படிப்பட்ட போட்டியில் ஒவ்வொரு டன் நிலக்கரியும் கணக்குதான். கரியை மிச்சம் பிடிப்பது எப்படி? அதுதான் இந்தப் பாடம்.

நம்ம திண்டுக்கல் வழியாகத் தூத்துக்குடிக்கு 1876 முதல் ரயில் ஓடியது. ரயிலிலும் நீராவி, கப்பலிலும் நீராவி. ஆனால் ரயில் இஞ்சின், வேலை முடிந்த ஆவியைப் புகைபோக்கி வழியாக வெளியே விட்டுவிடும். தண்ணீர் தீர்ந்தால் வழியில் ஸ்டேஷனில் பிடித்துக்கொள்ளும். கடலில் ஸ்டேஷன் ஏது? கடல் தண்ணீரைப் பாய்லரில் ஊற்றினாலோ உப்புப் படிந்து தகடு கெட்டுவிடும்.

ஆகவே கப்பலில் கண்டென்சர் வேண்டும். குழாய்களுக்குள் கடல் நீர் ஓடும்; வெளியே ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராகும்; பம்ப் அதை மறுபடி பாய்லருக்கு அனுப்பும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆவி சுருங்குவதால் அங்கே வெற்றிடம் உண்டாகிறது. அதனால் அழுத்தம் மிகக் குறைந்த ஆவியிடமும் வேலை வாங்கலாம்.

ஒரே சிலிண்டரில் இவ்வளவு விரிவையும் எடுத்தால் என்ன? சூடான ஆவி வருவதும், குளிர்ந்த ஆவி போவதும் அதே சிலிண்டரில்தான். சுவர் குளிர்ந்துவிடுவதால், புதிதாக வரும் ஆவியில் ஒரு பங்கு வேலை செய்யாமலே தண்ணீராகிவிடும். அதனால் விரிவை மூன்று சிலிண்டர்களுக்குப் பங்கு போட்டார்கள். இதுதான் டிரிபிள் எக்ஸ்பான்ஷன். 1881-ல் 'அபர்டீன்' என்ற கப்பலில் கிர்க் என்ற பொறியாளர் இதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பிறகு உலகமெங்கும் பரவியது.

இதைப் புத்தகத்தில் படித்ததைவிட, மாதிரி செய்தபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி கப்பல்களின் இஞ்சின் அளவை எடுத்துக்கொண்டேன். சிலிண்டர் விட்டங்கள் 24½, 37, 70 அங்குலம். ஸ்ட்ரோக் 48 அங்குலம். 1:24 ஸ்கேலில் போட்டால் விட்டங்கள் ஏறக்குறைய 1, 1½, 2.9 அங்குலம், ஸ்ட்ரோக் 2 அங்குலம். கிராங்க் ஆரம் அதில் பாதி, 1 அங்குலம்.

பிளைவுட் பலகையில் சிலிண்டர்களைக் குறுக்குவெட்டாக வரையுங்கள். பிஸ்டனுக்குப் பழைய ஹவாய் செருப்பு ரப்பர், ராடுக்கு சைக்கிள் ஸ்போக், கிராங்குக்குக் கம்பி. மூன்று கிராங்கும் 120 டிகிரி இடைவெளியில் இருக்கட்டும். கையால் சுற்றிப் பாருங்கள். மூன்று பிஸ்டனும் ஒரே சமயத்தில் டெட் சென்டருக்கு வருவதே இல்லை. ஒன்று ஓய்ந்தால் மற்ற ரெண்டும் இழுத்துக்கொடுக்கும்!

இப்போது கணக்கைப் பாருங்கள். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மூன்று பிஸ்டன் பரப்புகளின் விகிதம் ஏறத்தாழ 1 : 2.3 : 8.2. அழுத்தம் குறையக் குறையப் பரப்பு கூடுகிறது. அதனால்தான் மூன்றும் ஏறக்குறைய சமமாக வேலை செய்ய முடிகிறது. கடைசி சிலிண்டர் ஏன் அவ்வளவு பெரிசு என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

1908-ல் வ.உ.சி. கைதானார். நம்ம வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவாவும் அவருடனேயே கைதானார். 1911-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. தோற்றது இஞ்சின் அல்ல நண்பர்களே! ஆனால் அந்தக் கப்பல்கள் வெளிநாட்டில் வாங்கியவை என்பதை மறக்கக்கூடாது. இயந்திரத்தை ஓட்டக் கற்றால் மட்டும் போதாது. பிரித்து, அளந்து, வரைந்து, நாமே செய்யவும் கற்க வேண்டும். டிராயிங் ஹாலில் நாம் போடும் ஒவ்வொரு கோடும் அதற்குத்தான்.