உடையாத பிஸ்டல் எது?

நுகேகொடை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஏர் பிஸ்டலில் ஒவ்வொரு வெடிக்கும் திறந்து மூடுகிற கொக்கிங் லீவர் முறிந்து கையோடு வந்துவிட்டது என்றும், பக்கத்தில் நின்ற யாரோ "இவளின்ரை கை அப்படி" என்று சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது என்றும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: எந்த பிஸ்டல் உடையாது மாமா, அப்பாவிடம் சொல்லி எப்பாடுபட்டாவது அதையே எடுப்பிக்கிறேன் என்று.

அப்படி ஒரு பிஸ்டல் இல்லை, பிள்ளை. நான் துவக்குச் சுடுகிறவன் இல்லை. ஆனால் வெரஹெர பஸ் பட்டறையில் வேலை செய்த காலம் முழுவதும் முறிந்த இரும்பைப் பார்த்தே வாழ்ந்தவன். அக்ஸில், லீஃப் ஸ்பிரிங், ஸ்டியரிங் ஆர்ம் என்று முறிந்து வராத சாமான் இல்லை. பஸ்ஸுக்குள்ள நியாயம்தான் பிஸ்டலுக்கும். அசைகிற பாகம் தேயும், மீண்டும் மீண்டும் பாரம் ஏறி இறங்குகிற பாகம் ஒருநாள் முறியும். விலை கூடிய பிஸ்டல் என்றால் அந்த நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

முறிந்த துண்டை எறிந்துவிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்ல காரியம். பகல் வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து, முறிந்த முகத்தை ஒருக்கா வடிவாகப் பார். முகம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் மழமழவென்று, கொஞ்சம் கறுத்துப்போய் இருக்கும். அதில் வளைவு வளைவாக மெல்லிய கோடுகள் தெரியலாம், வெள்ளவத்தைக் கடற்கரையில் அலை வந்து திரும்பிய இடங்களில் மணலில் நிற்கிற வரிகளைப் போல. மறுபக்கம் சொரசொரவென்று, புதிதாக மினுங்கும். அந்தச் சொரசொரத்த பகுதி மட்டும்தான் அன்றைக்கு உன் கையில் முறிந்தது. மழமழத்த பகுதி எப்போதோ வெடித்துவிட்டது. ஒவ்வொரு முறை லீவரைத் திறந்து மூடும்போதும் வெடிப்பு மயிரிழை மயிரிழையாக உள்ளே போயிருக்கிறது. கடைசியில் மிச்சமிருந்த உலோகத்துக்குப் பாரம் தாங்கவில்லை. எல்லா உலோகத்திலும் அந்த வரிகள் தெளிவாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன், வார்த்தெடுத்த பாகத்தில் மங்கலாகத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டு நிறம் தெரிந்தால் போதும், கதை விளங்கிவிடும்.

வெடிப்பு தொடங்கிய இடத்தையும் தேடு. அந்தக் கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியைச் சுற்றித்தான் விரிந்திருக்கும். பெரும்பாலும் அது ஒரு கூரான உள்மூலையாகவோ, ஓட்டையின் விளிம்பாகவோ, கடைசல் கத்தி விட்ட கீறலாகவோ, கறள் தின்ற சின்னக் குழியாகவோ இருக்கும். கொழும்பில் கடற்காற்றும் கைவியர்வையும் சேர்ந்தால் கறளுக்குக் கேட்கவா வேண்டும்? மெரின் டிரைவ் பக்கத்து வீடுகளின் ஜன்னல் கிரில் படுகிற பாட்டை நீ தினமும் பார்க்கிறாய். வியர்வைக் கையோடு சுட்டுவிட்டு, துடைக்காமல் ஸ்பொஞ்ச் பெட்டிக்குள் வைத்து மூடினால், ஈரத்தை அந்த ஸ்பொஞ்சே பிடித்து வைத்திருக்கும்.

இனிக் கணக்கைப் பார். ஒருவர் நாளுக்கு 80 வெடி, கிழமைக்கு நாலு நாள் சுட்டால் வருடத்துக்கு 16,000க்கு மேல் வருகிறது. அத்தனை முறையும் அந்த லீவர் திறந்து மூடப்பட வேண்டும். உன் கிளப் பிஸ்டலோ பலர் கைமாறிச் சுடுவது. அதை நீ கையிலெடுக்க முதலே அது எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடியதோ, யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படியிருக்க "இவளின்ரை கை" என்று சொல்வது நியாயமே இல்லை. அதை நீ மனதில் வைத்திருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இதே பாகம் இதைவிடப் பெரிய மேடையிலும் முறிந்திருக்கிறது. 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் 10 மீற்றர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்று. இந்தியாவின் மனு பாக்கருக்கு அப்போது பத்தொன்பது வயது. 75 நிமிடத்தில் 60 வெடி சுட வேண்டும். 16 வெடி முடிந்த கட்டத்தில் அவருடைய மொரினி பிஸ்டலின் கொக்கிங் லீவர் முறிந்தது. சுடுகூடத்தை விட்டு வெளியே போய் லீவரை மாற்றினார்கள். மாற்றிய பிறகும் மின்சுற்றில் இன்னொரு கோளாறு. அவர் திரும்பி வந்து நிற்கும்போது மிச்சம் 44 வெடி, கையில் ஏறக்குறைய 36 நிமிடம். போன நேரம் போனதுதான், கூட்டிக் கொடுக்கவில்லை.

அந்த நிலையிலும் 575 எடுத்தார். 577 எடுத்தவர் எட்டாவது ஆளாக இறுதிச் சுற்றுக்குப் போனார். மனு பன்னிரண்டாவது. இரண்டே புள்ளி. அந்த லீவர் இலேசில் முறிகிற பாகமில்லை என்று அவருடைய பயிற்றுநர் அப்போது சொன்னார். அதை நான் நம்புகிறேன். இலேசில் முறியாத பாகம்தான் யாரும் மாற்றாத பாகம், யாரும் சோதிக்காத பாகம். பஸ்ஸிலும் அப்படித்தான். பிரேக் லைனிங்கை எல்லோரும் பார்ப்பார்கள். ஸ்டியரிங் ஆர்மை அது முறிந்த பிறகுதான் பார்ப்பார்கள்.

மாற்றுப் பிஸ்டலை எடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். எடுக்கலாம். ஆனால் பிடி வேறு, விசையின் இழுவை வேறு, குறியும் வேறு. பழகாத மாற்றுப் பிஸ்டலைப் போட்டி நடுவே எடுத்தால் அதைச் சீராக்கவே நேரம் போய்விடும். ஆகவே மாற்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. மாதத்தில் ஒரு நாளாவது அதைக் கொண்டே முழுச் சுற்றும் சுட்டுப் பழகியிருக்க வேண்டும்.

பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். 2024 பாரிஸில், ஜூலை 28 அன்று, அதே 10 மீற்றர் ஏர் பிஸ்டலில் மனு வெண்கலம் எடுத்தார். ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். இரண்டு நாள் கழித்துச் சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். டோக்கியோவுக்குப் பிறகு அவர் விளையாட்டை விட்டுவிட நினைத்த காலமும் இருந்தது. உனக்கும் இப்போது அப்படி ஒரு நினைப்பு வந்திருக்கிறது என்று உன் கடிதத்தின் நடுவில் ஒரு வரி சொல்கிறது. அந்த வரியை நான் கவனிக்காமல் விடவில்லை.

நேற்று உன் அம்மா கோல் எடுத்தாள். "துவக்கு உடைஞ்சுதாம் அண்ணா, நாளைக்கு வெடிச்சால் என்ன செய்யிறது?" என்று அழாக்குறை. அவளைக் குறை சொல்லாதே. எங்கள் தலைமுறை துவக்கை விளையாட்டுச் சாமானாகப் பார்த்ததில்லை. செக்பொயின்ற்றில், றோட்டில், வீட்டு வாசலில் பார்த்தோம். அவள் பயத்துக்கு நீ பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். பாதிப் பயம் சரியான பயமும்கூட. உடைந்தால் புள்ளி போகிற பாகம் வேறு, கண் போகிற பாகம் வேறு.

கண் போகிற வகைக்கு ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்க இராணுவம் 1985 இல் இத்தாலியின் பெரெட்டா பிஸ்டலைத் தன் பொதுப் பிஸ்டலாக எடுத்தது. பேர்போன கொம்பனி, கடும் சோதனைகளில் தேறி வந்த பிஸ்டல். இரண்டு மூன்று வருடத்துக்குள் சிலவற்றில், மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைட் சுடும்போதே குறுக்காக முறிந்து, பின்பாதி சுடுகிறவரின் முகத்தை நோக்கிப் பறந்தது. காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உலோகத்தின் குறை என்று ஒரு தரப்பும், அளவுக்கு மீறிய அழுத்தமுள்ள ரவை என்று மறுதரப்பும் வாதாடின. எது எப்படியோ, திருத்தம் மிக எளிமையானது. உள்ளே சுத்தியலைத் தாங்குகிற முளையின் தலையைப் பெரிதாக்கினார்கள். இனி ஸ்லைட் முறிந்தாலும் அந்தத் தலையில் மாட்டி நிற்கும், பின்னால் பறக்காது. அந்தப் பொறியியலாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. முறியவே முறியாது என்று அவர்கள் நினைக்கவில்லை. முறிகிற நாளில் ஆளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று யோசித்தார்கள். நீ சுடும்போது கண்ணாடி போடாமல் நிற்கக்கூடாது என்று நான் சொல்வதும் அதே யோசனைதான்.

உன் ஏர் பிஸ்டலில் ஸ்லைட் இல்லை. அம்மாவின் பயம் பொருந்துகிற இடம் சிலிண்டர். அதற்குள் 200 பார் வரை அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கிறது. நிரப்பும்போதும் காலியாகும்போதும் அதன் சுவர் விரிந்து சுருங்கும், லீவருக்கு நடந்தது அதற்கும் நடக்கும். அதனால்தான் இந்தப் பிஸ்டல்களைச் செய்கிற கொம்பனிகள் சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்று வைத்திருக்கின்றன. திகதி அதன் மேலேயே பொறித்திருக்கும். சர்வதேசப் போட்டி விதியும் அந்தத் திகதியைப் பார்க்கிற பொறுப்பைச் சுடுகிறவர் தலையில்தான் வைக்கிறது. திகதி கடந்த சிலிண்டர் என்றால், பார்வைக்குப் புதிதாக மினுங்கினாலும் தொடாதே. கிளப்பில் என்ன சொன்னாலும் தொடாதே.

இன்னொன்று. எங்கள் வீடுகளில் தையல் மெஷின் ஒயில்தான் எல்லாவற்றுக்கும் மருந்து. கதவு கீச்சிட்டாலும் அது, பூட்டு இறுகினாலும் அது. அதைச் சிலிண்டரின் வாயிலோ நிரப்புகிற வால்விலோ ஒரு துளிகூட விடாதே. உயர் அழுத்தக் காற்றோடு அந்த ஒயில் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்க இடமுண்டு. ஓ-ரிங்குக்குச் சிலிக்கன் கிரீஸ், அதுவும் கையேடு சொல்கிற அளவுக்குத்தான்.

உடைந்த லீவரைப் பஞ்சிகாவத்தையில் கொடுத்து லேத்தில் கடைந்து தரச் சொல்லலாமா என்று உங்கள் பொறுப்பாளர் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத வாகனச் சாமான் இல்லை, அங்குள்ள லேத்காரர்களின் கைத்திறன் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வேண்டாம். அளவைப் பார்த்து வடிவத்தைக் கடையலாம். அது எந்த உருக்கு, எப்படிச் சூடாக்கி எப்படி ஆற்றியது என்பது அளவுகோலில் தெரியாது. விசைக்குள் இருக்கிற பாகங்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. அரத்தால் ஒரு தேய்ப்பு கூடினாலும், விரல் படாமலே வெடிக்கிற துவக்கு ஆகிவிடும். பாகம் வெளிநாட்டிலிருந்து, முறையான அனுமதியோடு, கிளப் ஊடாகத்தான் வர வேண்டும். 1916 இல் வந்த சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிற நாடு இது. தாமதமாகும். 2022 இல் டொலர் இல்லாமல் சாதாரண வாகன உதிரிப்பாகத்துக்கே எவ்வளவு அலைந்தோம். அதனால்தான் முறிந்த பிறகு ஓடர் பண்ணாமல், முறிய முன்னமே ஒரு லீவர், ஓ-ரிங் செட், விசைக்குப் பற்றரி, சின்னத் திருகாணிகள் எல்லாம் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்த வருடம் .22 பிஸ்டலுக்குப் போக ஆசை என்றும் எழுதியிருக்கிறாய். போ. ஆனால் ஏர் பிஸ்டலில் வெறும் விசை இழுத்துப் பழகின மாதிரி அதில் செய்யாதே. .22 ரவையை ஊசி அடிப்பது அதன் விளிம்பில். உள்ளே ரவை இல்லாவிட்டால் ஊசி நேரே குழலின் விளிம்பில் போய் மோதலாம். ஊசி முனையும் மழுங்கும், குழல் வாயும் நசுங்கும். கையேடு அனுமதித்தாலொழிய, உள்ளே போலி ரவை போட்டுத்தான் பழக வேண்டும்.

இவ்வளவுக்கும் உனக்கு வேண்டியது ஒரு அப்பியாசக் கொப்பி. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் திகதியும் வெடி எண்ணிக்கையும், எந்தப் பாகம் எப்போது மாற்றினது என்பதும், லீவர் இறுகினால், காற்றுக் கசிந்தால், குறித் திருகாணி தளர்ந்தால் அதுவும். கிளப் பிஸ்டலைச் சுடுகிற எல்லோரும் அதே கொப்பியில் எழுத வேண்டும். முதலில் சிரிப்பார்கள். நீ எழுது, பின்னால் ஒவ்வொருவராக எழுதுவார்கள். பட்டறையில் நாங்கள் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அப்படித்தான் வைத்திருந்தோம். முன்னூறு பேர் உயிரோடு வீடு போய்ச் சேருவது அந்தக் கொப்பியில் இருக்கிறது என்று எங்கள் போர்மன் நம்பினார், நானும் நம்புகிறேன்.

மாற்றுகிற வேலையையும் பழகு. பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிஸ்டல் வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு பேரும் பார்த்த பிறகு, லீவரைக் கழற்றிப் பூட்டிப் பார். கடிகாரத்தை வைத்துச் செய். முதல்நாள் அரை மணித்தியாலம் போகும். போட்டி நாளில் கை நடுங்கும்போதும் தானாக ஓடுகிற அளவுக்கு வர வேண்டும்.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். 138 பஸ்ஸில் ஏறி இந்த ஞாயிறு இங்கே வா, அந்தத் துண்டையும் கொண்டு வா. வர முதல் கிளப்பில் உன் சிலிண்டரில் பொறித்திருக்கிற திகதியைப் பார்த்து எனக்கு ஒரு மெசேஜ் போடு. அதுவரை அதை நிரப்ப வேண்டாம்.

அன்புடன்,
மாமா